கிருபன் எட்டை விட்ட காரணம்

“என்ன கிருபன், காரின்ர பொனற்றுக்குள்ள எட்டு சிலிண்டரைக் காணேல்லை? ஆறுதானே கிடக்குது?”

செல்வரட்ணம் குனிந்து எஞ்சினை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரில், கிருபனின் வீட்டு டிரைவ்வேயில் புது அமெரிக்கக் கார் பளபளவென்று நின்றது. மனைவி பிரதீபாவின் அண்ணன் செல்வரட்ணம் இதைக் கேட்பார் என்று கார் வாங்கிய நாளிலிருந்தே கிருபனுக்குத் தெரியும்.

பத்து வருடமாக ஸ்காபரோவில் பிறந்தநாள், பூப்புச் சடங்கான சாமத்தியவீடு எது நடந்தாலும், கோட்டுப் போட்ட ஆண்கள் கூடும் மூலையில் கிருபனின் பிரசங்கமும் நடக்கும். அமெரிக்கக் கார் என்றால் எட்டு சிலிண்டர், ஆறு என்பது வெறும் தையல் மெஷின் என்பான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட செல்வரட்ணம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை விற்று எட்டு சிலிண்டர் வாங்கி, இப்போது பெற்றோல் அடிக்கப் பாதி நாள் காஸ் ஸ்ரேஷனில் குடியிருக்கிறார். இன்றைக்குப் பதில் சறுக்கினால் போதும். பெரிய எஞ்சினியர் என்று எடுத்த பெயரோடு கிருபனின் மானமும் கப்பலேறிவிடும்.

“நீங்கள் நினைக்கிற ஆறில்லை மச்சான் இது,” என்று கிருபன் தொண்டையைச் செருமினான். “ஆறும் ஒரே வரிசை. ஒண்டின்ர ஆட்டத்தை மற்றது அடக்கும். எஞ்சின் ஓடேக்க மேல தேத்தண்ணி வைச்சாலும் தளும்பாது.”

“தேத்தண்ணி வைக்கவோ கார் வாங்கினனீர்?”

“கேளுங்கோவன். உங்கட எட்டில, வால்வைத் திறக்கிற காம் ஷாஃப்ட் அடியில கிடக்குது. நீட்டுக் கம்பியால தள்ளித் தள்ளித் திறக்கோணும். இதில அது தலைக்கு மேலயே இருக்குது. இடைத்தரகர் இல்லாத வேலை. காத்தை அழுத்தி உள்ள தள்ளுற டேர்போ ரெண்டு வேற. உங்கட எட்டைவிடக் குதிரை வலு கூட.”

“போன தையில தையல் மெஷின் எண்டனீர்.”

“அது வேற ஆறு. அறுபதுகளிலேயே அமெரிக்கன் இப்பிடி மேல காம் வைச்ச ஆறைச் செய்து வித்தவன். எட்டு எட்டெண்டு அலைஞ்ச சனம் அதை மதிக்கேல்லை. நான் சனத்தைப் பார்த்து வாங்கேல்லை மச்சான், விஞ்ஞானத்தைப் பார்த்து வாங்கினனான்.”

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று கிருபனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். செல்வரட்ணத்தின் முகத்திலிருந்த நக்கல் மெல்ல மெல்லக் கரைந்தது.

“அப்ப என்ரையை வித்துப்போட்டு நானும் உதையே எடுக்கட்டே?”

“தாராளமாய் எடுங்கோ.”

செல்வரட்ணம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையைச் சொன்னா, எனக்கு இப்பத்தான் நிம்மதி. றிச்மண்ட் ஹில்லில ஒரு சாத்திரியார் இருக்கிறார். என்ர சாதகக் குறிப்பைப் பார்த்திட்டு, எட்டு சனியின்ர எண், உந்த எட்டு சிலிண்டரை முதல்ல வீட்டைவிட்டு வெளியேத்தும் எண்டவர். உமக்குச் சொன்னா நீர் சிரிப்பீரெண்டு பேசாமல் இருந்தனான். இனி ஆரும் கேட்டா காம் மேல இருக்குதெண்டு சொல்லிச் சமாளிக்கலாம்.”

கிருபன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“கனடாவில இருந்துகொண்டு உதென்ன கதை மச்சான்? எஞ்சினுக்குச் சனி பிடிக்குமே? வெளியில சொல்லிப்போடாதேங்கோ, என்ர மரியாதையும் சேர்ந்து போகும்.”

செல்வரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். மானம் தப்பிய சந்தோஷத்தில் கிருபன் பொனற்றைப் படாரென்று மூடினான்.

கதையைக் கேட்டபடி வடைத் தட்டோடு வெளியே வந்த பிரதீபா, அண்ணனைப் பாவமாகப் பார்த்தாள்.

“உங்களுக்கும் எட்டு ஆகாதெண்டே சொன்னவர், அண்ணா?” என்றாள். “இவரும் அந்தச் சாத்திரியாரட்டைக் கேட்டுப்போட்டுத்தான் இந்த ஆறை எடுத்தவர்.”