கருங்கோழிக்குக் கட்டிய துணி

புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது அவர் நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்காதவள் செண்பகவடிவு. அவருக்காக மாமியார் சாமிக்கு நேர்ந்துவிட்ட கருங்கோழியை இப்போது மடியில் மல்லாத்திப் போட்டு, அதன் பாதத்தை உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் சாக்கில் மதிலுக்கு மேலாக எல்லாம் பார்த்தேன். பாதத்தின் அடியில் மிளகுபோல் கறுத்த பொருக்கு. அதை நெகிழ்த்தி எடுத்து, கெட்டிச் சீழைப் பிதுக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினாள்.

"குறையுள்ளதச் சாமி ஏத்துக்காதுல்லா. புண்ணு ஆறுச்சுன்னா கோயில் கொடைக்கு அறுத்துருவாவ. பொறவு எதுக்கு இம்புட்டு வைத்தியம்?" என்றேன்.

"அதுக்கு வலிக்குல்லா மதினி" என்றாள்.

பத்தே நாளில் புண் ஆறிவிட்டது. கட்டு இல்லாமல் அது கொல்லையில் ஓடிக் கரையான் பொறுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். கொடையன்று காலையில் அவள் மறுபடியும் அந்தத் துணியைச் சுற்றினாள். கோழி அந்தக் காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

பூசாரி வந்து, "புண்ணு ஆறிட்டாம்மா?" என்று கேட்டார். செண்பகவடிவு குனிந்து கட்டின் முடிச்சை இறுக்கினாள். அவர் மதில் பக்கம் திரும்பினார். இந்தத் தெருவில் எது தெரிய வேண்டுமானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். கோழியும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.