பாங்கு வரைக்கும்

மூன்றாவது சீடியும் கணினியின் வாயிலிருந்து வெறுமையாகத் திரும்பி வந்தது.

பளீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பாட்டு எங்கேயாவது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

"காசு குடுத்து வாங்கின பாட்டு மாமா, அதுதான் இந்தக் கரைச்சல். களவெடுத்ததெண்டா இந்நேரம் ஏறி முடிஞ்சிருக்கும்."

அவனுடைய கணினிக் கடை கல்முனைப் பிரதான வீதியில் இருக்கிறது. சொந்த ஊர் நிந்தவூர். கடை திறந்து கொஞ்ச நாள்தான். மருதமுனை மீராசாஹிபு என்கிற நான் பொய் சொல்வதில் பேர்போனவன் என்பதை மட்டும் அதற்குள் யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

பாட்டை வாங்கியது என் மகள் றுஸ்னா. தோஹாவில் இருந்தபடியே வாங்கி, என் போனில் இறக்கித் தந்திருந்தாள். போனில் அது அருமையாகப் பாடுகிறது. கணினிக்கு மாற்றினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

முதல் சீடியில் என்னவோ ஏறியது. கடையின் பழைய பிளேயரில் போட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்றது. இரண்டாவதைக் கணினி பாதியில் துப்பிவிட்டது. பாட்டு உங்களுடையதுதான், ஆனால் வேறெங்கும் கொண்டுபோக உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரையில் வந்ததைப் பளீல் எனக்கு வாசித்துச் சொன்னான்.

நானும் ஒருமுறை அப்படியொரு மாடு வாங்கியிருக்கிறேன் என்றேன். மாடு என்னுடையது, கயிறு விற்றவனுடையது. அவன் சம்மாந்துறையில் இருந்து கயிற்றை இழுப்பான். என் மாட்டின் பாலைக் குடிக்க நான் சம்மாந்துறைக்கு நடந்து போவேன்.

போட்டோக் கொப்பி எடுக்க வந்திருந்த காரைதீவு குணம் சேர் சிரித்தார்.

"போன்லயே கேட்டா என்ன காக்கா? இந்தக் காலத்தில ஆர் சீடி கேக்குற?"

"எங்கட வானுக்கு சேர். அதில இருக்கிற பாட்டுச் செற் சீடி மட்டும்தான் திங்கும். டீசல் இல்லாத காலத்தில அந்த வான் இந்தப் பாட்டிலதான் ஓடின. ஒருக்காப் பாடினா அக்கரைப்பற்று மட்டுக்கும் போகும். றபான் மேளம் அடிக்கிற இடம் வந்தா மேடும் ஏறும்."

வழியில் மேடே கிடையாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வான் ஓடிப் பல வருசமாகிறது. எங்கள் வளவில் முருங்கை மரத்தடியில் நிற்கிறது. பற்றரியை மட்டும் பழுதாகப் பழுதாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் நெருங்கினால் என் மனைவி லைலா அதன் முன் சீற்றில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பாள்.

பழைய சீடி தேய்ந்து தேய்ந்து போன கிழமை ஊமையாகிவிட்டது. அன்றிலிருந்து அவளும் ஊமை. நான் எவ்வளவு பெரிய பொய் சொன்னாலும் "போங்க அங்கால" என்று ஒரு சொல் இல்லை. புதுச் சீடி இல்லாமல் வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது.

இதைக் கடையில் நான் சொல்லவில்லை. இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கடைசியில் பளீல் ஒரு வழி சொன்னான். போனை உரக்கப் பாடவிட்டு, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் புதிதாகப் பதிவு செய்வோம். காற்றில் வருகிற பாட்டை எந்தக் கணினியும் தடுக்க முடியாது. ஆனால் பாட்டு முடியும்வரை கடையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பளீல் கதவைச் சாத்தினான். ஃபேனை நிறுத்தினான். குணம் சேர் கையிலிருந்த கடதாசிகள் சரசரக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவன் உம்மாவிடம் விடைபெறுகிற பாட்டு அது. உம்மா சோறு கட்டிக் கொடுக்கிறாள். கடற்கரை வரைக்கும் கூடவே நடந்து வருகிறாள். மணல் சுடுகிறது என்று அவன் சொல்ல, சுடவில்லை என்கிறாள்.

என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் நின்றதில்லை.

அவன் கப்பலில் கால் வைத்தான். திரும்பிப் பார்த்து, வந்துவிடுவேன் உம்மா என்று பாடினான்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது.

பளீலின் கை தன்பாட்டில் போய்ப் பாட்டை நிறுத்தியது. எங்கள் பக்கத்தில் பாங்கு கேட்டால் யோசிப்பது கைதான், ஆள் இல்லை. முடியும்வரை அப்படியே நின்றோம்.

"அரைவாசியில நிண்டுட்டு மாமா. தொழுதுட்டு வந்து முதல்ல இருந்து எடுப்பம்."

"வேணாம் மகன். அரைவாசி போதும்."

குணம் சேர் முகத்தைச் சிரிப்புக்குத் தயாராக வைத்துக்கொண்டு அடுத்த பொய்க்குக் காத்திருந்தார்.

"என்ட மகன் ஹாதியும் இப்படித்தான்" என்றேன். "பாங்கு கேட்டா வான ஓரங்கட்டி, செற்ற நிப்பாட்டிப் போட்டுத்தான் இறங்குவான். அண்டைக்கும் இந்தப் பாட்ட அரைவாசியில நிப்பாட்டிப் போட்டுத்தான் பள்ளிக்குப் போக றோட்டக் கடந்தவன். லொறிய அவன் காணல்ல. முன் சீற்றில இருந்த அவன்ட உம்மா கண்டவ."

பாட்டுக்காக நிறுத்திய ஃபேனைப் போட யாருக்கும் நினைவு வரவில்லை.

"அதுக்கு மேல அவ கேக்க மாட்டா. அந்த இடம் வந்தா அவவே கைய நீட்டி நிப்பாட்டுவா. இப்ப வயசுக்குக் கை பிந்திப் போகுது."

பளீல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப இதையே அடிச்சுத் தாறன் மாமா."

"ஒரு வரி கூடுதலா வந்துட்டு மகன். கப்பல்ல கால வைக்கிறதோட வெட்டிரு. மற்றத அவன் கேக்கல்ல."