சொன்னதைச் சொன்னபடி

“இந்த ஊமைக்கு இந்தப் பிறப்பிலை கணக்கு வராது. மூலையிலை போய் இருக்கச் சொல்லும்!”

கணக்கு ஆசிரியர் தவராசா பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் தூக்கி எறிந்தார்.

வகுப்பில் சைகைமொழி பெயர்க்கும் ராஜினி அதைப் பொறுக்கினாள். காது கேளாத கலிஸ்ராவுக்குக் கைகளால் சொன்னாள். நெடுநேரம் சொன்னாள்.

கலிஸ்ரா தவராசாவைப் பார்த்துச் சிரித்தாள்.

இது முதல் தடவை அல்ல. அவர் ஏசும்போதெல்லாம் அந்தப் பிள்ளை சிரித்தது. தன்னைப் பற்றித்தான் இரண்டு பேரும் ஏதோ கதைக்கிறார்கள் என்று ஒரு மாதமாக அவருக்குச் சந்தேகம்.

இடைவேளை மணி அடித்ததும் இருவரையும் பாடசாலை அதிபர் இராசேஸ்வரியின் ஓலைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நான் நாலு சொல்லுச் சொன்னால் இவ நாப்பது சொல்லுறா. பெட்டை என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுது. முதல்லை, இவவிட்டைச் சைகைமொழிச் சான்றிதழ் இருக்கோ எண்டு கேளுங்கோ ரீச்சர்.”

“இல்லைங்க சேர்,” என்றாள் ராஜினி. “எங்க தம்பிக்கும் காது கேக்காது. அவன்கூடப் பேசிப் பழகினது. பரீட்சை கொழும்புல. சண்டையால வெளிய போறதுக்குப் பாஸ் கிடைக்கல.”

“ஒட்டுசுட்டான் முழுக்கத் தேடினாலும் வேறை ஆள் இல்லை, சேர்,” என்றார் அதிபர். “இவவை நிப்பாட்டினால் பிள்ளையின்ரை படிப்பும் முடிஞ்சுது.”

“சொன்னதைச் சொன்னபடி சொல்லுறதுதான் இவவின்ரை கடமை. கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. கல்விக் கந்தோர் அனுப்பின கடிதத்திலை வடிவாய்க் கிடக்கு. மீறினால் நிப்பாட்டத்தான் வேணும். பிள்ளையையே கேளுங்கோ!”

அதிபர் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: ‘தவராசா சேர் உனக்கு என்ன சொல்லுறவர்?’

ராஜினி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களோ ஒளிக்கிறதை!” என்றார் தவராசா.

கலிஸ்ரா யோசிக்காமல் எழுதினாள். அதிபர் உரத்து வாசித்தார்.

‘பிழை வந்தாலும் பரவாயில்லை, திரும்பச் செய், நீ கெட்டிக்காரி எண்டு சொல்லுவார். சேர் எங்கடை அப்பா மாதிரி. கடலுக்குப் போன அப்பா திரும்பி வரேல்லை.’



“சேர் சொன்னது சரிதாங்க,” என்றாள் ராஜினி. “சொன்னதைச் சொன்னபடி நான் சொல்லல.”

அதிபர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தவராசாவின் முன்னால் வைத்தார்.

“முறைப்பாட்டை எழுதுங்கோ சேர். இவ சொன்னதைப் பிள்ளை எழுதிப்போட்டுது. நீங்கள் சொன்னதை மட்டும், சொன்னபடி எழுதினால் போதும்.”

பேனா மூடியபடியே கிடந்தது.