அவள் தேடியவை

கூப்பிட்டால் பதில் சொல்லாத மனைவியின் நினைப்பு வேறெவனிடமோ இருக்கிறது என்று முடிவு கட்டிய மாரிச்செல்வம், ஜெயராணியின் தலையைச் சுவரில் மோதி, அவள் கட்டைவிரலை முறுக்கிப் போனில் அழுத்தினான்.

"அது என் போனுங்க, விடுங்க."

"எனக்குத் தெரியாம உனக்கென்னடி ரகசியம்?"

அவள் கூகுளில் தேடியதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தான். எந்த ஆணின் பெயரும் இல்லை. 'அறைந்தால் காது செவிடாகுமா?' 'காதில் ரத்தம் வந்தால் என்ன செய்வது?' 'உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எப்படி?'

மூக்கில் வழிந்த ரத்தத்தைக் கழுவ அவள் குழாயடிக்குப் போயிருந்தாள். பின்னால் போய் நின்று, "ராணி" என்றான். அவள் திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் நிழல் எதிர்ச்சுவரில் ஏறியபோதுதான் அவள் பதறி, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, "இதோ வந்துட்டேங்க" என்றாள்.