தடக்குற நாக்கு

“கனகசபாபதிக்குத் தமிழும் வராது, சிங்களமும் வராது. ஆர்தான் இந்த மனிசனை மொழிபெயர்க்க வைச்சதோ!”

கோட்டு விறாந்தையில், நீதிமன்றக் கதவு திறக்கக் காத்து நிற்கும் பெண்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அருந்ததியும் சொல்வாள்.

அவள் கணவன் இராசரத்தினம் வெள்ளவத்தையில் பிடிபட்டுப் பதினாலு மாதம். பொலிஸ் பதிவில் ஒரு முகவரி, படுத்திருந்த அறைக்கு வேறு முகவரி. தொண்ணூற்றேழில் ஒரு தமிழனை உள்ளே தள்ள அது போதும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த திகதிக்குத் தவணை போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

சிறைக்குப் போயும் பார்க்கலாம்தான். இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், நடுவில் இரண்டு கம்பிவலை. கத்திக் கத்தித் தொண்டை கட்டுமே தவிர, முகம் தெரியாது.

முகம் பார்க்க வேண்டுமென்றால் கோடுதான்.

அன்று வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் ஆறாயி என்றொருத்தி இருந்தாள். புதியவள். அவள் புருசன் சங்கிலி என்பவன் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கியவன். போன மாதம் ஒரு பிரதி அமைச்சரின் ஜீப் அவனை அடித்துக் கொன்றுவிட்டது.

“சோறு கொண்டுகிட்டுப் போனேங்க. என் கண்ணால பாத்தேன். அவருதான் ஓட்டுனாரு. இன்னைக்கு நீதவான் ஐயாகிட்ட சொல்லிருவேன்.”

பிரதி அமைச்சர் வந்தார். கூண்டில் ஏறவில்லை. சுகமில்லையாம், கதிரை போட்டுக் கொடுத்தார்கள். அவருடைய சட்டத்தரணி இரண்டு வசனம் பேசினார். நேரில் பார்த்த சாட்சி இல்லை என்றார் பொலிஸ் சார்ஜன்ட்.

ஆறாயி துள்ளி எழும்பினாள். “ஐயா, நான் பாத்தேங்க! அவருதாங்க ஓட்டுனாரு!”

கனகசபாபதி அதைச் சிங்களத்தில் சொன்னார். தடக்கவில்லை. ஒரு சொல் பிசகவில்லை. அந்த மனிதருக்கு இப்படிச் சிங்களம் வருமென்று அருந்ததிக்கு அன்றுதான் தெரியும்.

நீதவான் கடதாசியிலிருந்து தலை நிமிராமலே கையை அசைத்தார்.

“முடிஞ்சுதாம் அம்மா. இருங்கோ” என்றார் கனகசபாபதி.

எல்லாமாக மூன்று நிமிடம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் சலூட் அடிக்க, பிரதி அமைச்சர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். ஆறாயி இருக்கவில்லை, நின்றபடியே நின்றாள்.

அடுத்தது இராசரத்தினம்.

கூண்டில் ஏறியதுமே அவன் கண் வாங்குகளைத் தடவியது. அவளைக் கண்டதும் நின்றது. முன்பல் ஒன்று இல்லை. போன முறை இருந்தது.

“பேர்?” என்றார் கனகசபாபதி.

சொன்னான்.

“என்ன? விளங்கேல்லை. திருப்பிச் சொல்லும்.”

திருப்பிச் சொன்னான்.

“எந்த இடத்தில பிடிச்சது?”

“வெள்ளவத்தை.”

அவர் கல்கிசை என்று மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் திருத்தினார். கனகசபாபதி மன்னிப்புக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முதலிலிருந்து தொடங்கினார். வாடகை அறை என்றதை வாடகைக் கடை ஆக்கினார். “கடையா? என்ன கடை?” என்று நீதவான் கேட்க, சனம் சிரித்தது.

இராசரத்தினம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து இடுப்பளவில் பிடித்து, புருவத்தை உயர்த்தினான். மகள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள்?

அருந்ததி தன் கையை நெஞ்சளவுக்கு உயர்த்திக் காட்டினாள்.

அவன் நம்பவில்லை. தலையை ஆட்டினான். அவள் இன்னும் ஒரு விரலளவு உயர்த்தினாள். பல் போன இடம் தெரிய அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றான். அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை வருடம் சேவை?” நீதவான் கனகசபாபதியிடம் சீறினார்.

“முப்பத்தொரு வருடம், சேர்.”

“வெட்கமாக இல்லையா? இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேலிடத்துக்கு எழுதுவேன்!”

கனகசபாபதி தலை குனிந்தார்.

பதினாலு நாள் தவணை. இராசரத்தினத்தை இறக்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவன் கழுத்தைத் திருப்பியபடியே போனான்.

ஆறாயியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அருந்ததி திரும்பியபோது, கனகசபாபதி தேத்தண்ணிக் கடையில் தனியாக நின்றார். அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஐயா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ பிள்ளை.”

“அந்தப் பிரதி அமைச்சர்ர வழக்கில உங்கட சிங்களம் தண்ணி மாதிரி ஓடிச்சுது. எங்கட ஆக்கள் ஏறினால் மட்டும் ஏன் நாக்குத் தடக்குது? பெரிய மனிசருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம். மொழிபெயர்ப்பும் இரண்டோ?”

அவர் கோபப்படவில்லை. பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்த மனிசி சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னனான். என்ன நடந்தது, பிள்ளை?”

அவள் ஆறாயி ஏறிப்போன பஸ்ஸின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உங்கட மனிசனுக்கும் அப்பிடிச் சொல்லலாம். விட்டிடுவினமோ? விடாயினம். தவணையைச் சொல்லிக் கீழ இறக்க அரை நிமிசம் காணும்.”

சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இண்டைக்குப் பதினொரு நிமிசம் அவரைக் கூண்டில நிப்பாட்டி வைச்சனான். அரை நிமிசத்தில நீங்கள் என்னத்தையெண்டு பாப்பியள், பிள்ளை?”