அக்கா மட்டும் ராஜினாமா செய்யவில்லை

“நான் வேலையை விடல. செய்தி வாசிக்கச் சொன்னாங்க, சரின்னுட்டேன்” என்றார் அக்கா.

வானொலி நிலையத்தின் சாப்பாட்டு அறையில் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒன்றாக ராஜினாமா செய்வது என்று முடிவானதே போன வாரம் அக்கா வீட்டுக் கூடத்தில்தான்.

ஒயருக்குத்தான் நம்பவே முடியவில்லை. எந்நேரமும் கழுத்தில் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிகிற டெக்னீஷியன் என்பதால் நிலையத்தில் அவன் பெயரே ஒயர் என்றாகிவிட்டது. பெயர் வைத்ததும் அக்காதான். காலையில் அவர் பாட்டு நிகழ்ச்சி நடத்த, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் இசைத்தட்டைச் சுழல விடுவான். பாதி ஊர் அந்தக் குரலில்தான் கண் விழித்தது.

இப்போது நிலையம் கைமாறிவிட்டது. புது முதலாளி வந்ததும் வராததுமாகச் சொன்னது, “இனிமே இங்க பாட்டு கிடையாது. செய்தி, விவாதம், மார்க்கெட் நிலவரம், அவ்வளவுதான். அந்த இசைத்தட்டு ரூமைக் காலி பண்ணிக் குப்பையில போடுங்க.”

ஒரு அறை நிறைய இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள். உள்ளூர்ப் பாடகர்கள் இந்த ஸ்டுடியோவிலேயே நின்று பாடிப் பதிந்தவையும் அதில் உண்டு. வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது.

“உங்களை மட்டும் தனியா கூப்பிட்டாரே, என்னதான் சொன்னாரு?” என்று கேட்டான் ஒயர்.

“ஜனங்களுக்குப் பழகின குரலாம். விட மனசில்லையாம். மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம்.”

“அப்ப பாட்டு?”

அக்கா ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

“பாட்டை வித்து நாற்காலி வாங்கிட்டீங்கக்கா.”

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. “பெட்டியில அடுக்கும்போது தட்டை நிமிர்த்தி வைப்பா. படுக்க வெச்சா வளைஞ்சிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

குப்பைக்குப் போவது நிமிர்ந்து போனால் என்ன, படுத்துப் போனால் என்ன என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, நிமிர்த்தித்தான் அடுக்கினான். அக்காவிடம் பேசுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டான்.

ராஜினாமா செய்தவர்களின் கடைசி நாளில் வேன் வந்தது. பெட்டிகளை அதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தாழ்வார ஸ்பீக்கரில் அக்கா காய்கறி விலை வாசித்துக்கொண்டிருந்தார்.

“நாற்காலியில உட்கார்ந்ததும் குரல்கூட மாறிப்போச்சு பாரு” என்றாள் கணக்கு எழுதுகிற பெண்.

“ஆமாமா” என்றான் ஒயர். சொன்னதில் ஒரு திருப்திகூட இருந்தது.

கடைசிப் பெட்டியை ஏற்றியதும் டிரைவர் பக்கத்தில் அவனும் ஏறி உட்கார்ந்தான்.

“நீங்க எதுக்கு சார்?”

“குப்பைமேடு வரைக்கும் வர்றேன். இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, அநாதையா அனுப்ப மனசு வரல.”

டிரைவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாலம் தாண்டியதும் வேன் வலது பக்கம் திரும்பியது.

“குப்பைமேடு இடது பக்கம்ல?”

“எனக்குச் சொன்னது பெரிய ஆஸ்பத்திரி, சார்.”

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தலைமை நர்ஸ் தள்ளுவண்டியோடு காத்திருந்தார். “மெதுவா இறக்குங்கப்பா, கண்ணாடி மாதிரி” என்றார். ஒயரின் அழுக்குச் சட்டையைப் பார்த்து, அவனையும் சுமை தூக்க வந்தவன் என்றே நினைத்துவிட்டார்.

வார்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு பழைய பிளேயர். அதிலிருந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கர்.

“மாசக்கணக்கா எழுந்திரிக்க முடியாதவங்க இங்க இருக்காங்கப்பா. சுவரைப் பார்த்துப் பார்த்தே பாதி சீக்கு கூடிப்போகுது. மெஷின் எல்லாம் யாரோ எப்பவோ வாங்கிக் குடுத்தது. பாட்டுதான் இல்லாமக் கிடந்துச்சு.”

ஒயர் தன் கழுத்திலிருந்த கேபிளைக் கழற்றிப் பிளேயரில் மாட்டினான். ஒரு தட்டை எடுத்துச் சுழல விட்டான்.

வார்டில் இரண்டு காலிலும் கட்டுப் போட்டிருந்த ஒருவர், பேசிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரரைக் கையமர்த்தினார். “கொஞ்சம் சும்மா இருங்க, பாட்டுக் கேட்குது.” சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு அம்மா மெல்லத் திரும்பிப் படுத்தார்.

ஒயர் நர்ஸ் பக்கம் திரும்பினான். “ஸ்டேஷன் முதலாளியாம்மா இதெல்லாம் குடுத்தாரு?”

“அவரா?” நர்ஸ் சிரித்தார். “வேற ஸ்டேஷன்காரன் கையில சிக்கிடும், குப்பையிலதான் போடுவேன்னு ஒத்தைக்கால்ல நின்னாராம். காலையில பாட்டு போடுவாங்களே, அந்தம்மாதான் பேசி முடிச்சாங்க. பாட்டெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், மூணு வருஷம் நான் இருந்து செய்தி வாசிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. பாவம், பாட்டுன்னா உசிராம் அவங்களுக்கு.”

ஒயர் பிளேயர் பக்கம் குனிந்துகொண்டான்.

“அங்க ஒயர்னு அவங்களுக்குக் கூடப்பிறக்காத தம்பி ஒருத்தன் இருக்கானாம். அவன் காதுல மட்டும் போட்டுடாதீங்க, தெரிஞ்சா என்னை அங்க இருக்க விடமாட்டான்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனாங்க” என்ற நர்ஸ், சுழலும் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை ஓட்டத்தான் ஒரு ஆள் தேடிட்டிருக்கோம். ஆமா, உன் பேரு என்னப்பா?”