புகை விடும் நேரம்

கும்மிடிப்பூண்டிப் பள்ளி மைதானத்தில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. நடனம் சொல்லிக்கொடுக்க முதல்நாள் வந்திருக்கும் சுகிர்தா, ஆடியே அறியாத பிள்ளைகளிடம், "மூச்ச நல்லா இழுங்க, உடம்பு தானா அசையும்" என்கிறாள். ஒரு நெஞ்சும் விரியவில்லை. "இப்ப இழுக்கக் கூடாது மிஸ், கம்பெனில பொகை வுடுற நேரம்" என்கிறாள் ஐந்தாம் வகுப்பு இளமதி, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. மதிலுக்கு அப்பால் புகை எழுகிறது. சுகிர்தாவின் தொண்டையில் புளிப்பு ஏறுகிறது. "அப்ப எப்படி ஆடறது?" "மூச்ச புடிச்சிக்கினு ஆடறோம் மிஸ். நீங்க எண்ணுங்க." அவள் எண்ணுகிறாள். மெலிந்த கைகள் விரிகின்றன, வெறும் பாதங்கள் புழுதியில் சுழல்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொருவராக நின்று இருமுகிறார்கள். இளமதி கடைசியாகக் குனிகிறாள். இருமலுக்கு நடுவே நிமிர்ந்து சிரிக்கிறாள். "எப்பவும் மூச்சு பத்துதான் தாங்கும். இன்னிக்கு பதினாறு மிஸ்!" பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.